'பார்ட்டிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பிரிவினை' மட்டும் போதுமா?

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். லாகூரில் பிறந்து, 1947க்குப் பிறகு தில்லிக்கு வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைச் சிற்றிதழ் ஒன்றுக்காகத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பக்கமே உள்ள அந்தக் கட்டுரையில் 'பார்ட்டிஷன்' என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. முதலில், லாகூர் வீட்டின் கூடத்தைப் பெண்கள் இருக்கும் பகுதியிலிருந்து மறைத்த மரத் தட்டியை அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். பிறகு, பெரியப்பாவும் தந்தையும் துணிக்கடையைப் பங்கிட்டுக்கொண்டதற்கும் அதே சொல். அதன் பின் நாடு துண்டானதற்கும் அதே சொல், ஆனால் முதலெழுத்து பெரிய எழுத்தில். கடைசியாக, தில்லியின் கிங்ஸ்வே அகதிகள் முகாமில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்ட கம்பளிக்கும் அதே சொல்.

அகராதியைத் திறந்தால் பிரிவினை, பாகப்பிரிவினை, தடுப்பு, பங்கீடு, பகுப்பு என்று ஐந்தாறு சொற்கள் கிடைக்கின்றன. முதல் வரைவில் எல்லா இடத்திலும் 'பிரிவினை' என்றே எழுதினேன். 'கம்பளிப் பிரிவினை' என்று படித்தபோது எனக்கே பொறுக்கவில்லை. இரண்டாம் வரைவில் இடத்துக்கேற்ப மாற்றினேன்; படிக்கச் சரளமாக இருக்கிறது, ஆனால் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு ஆசிரியர் எழுப்பிய அதிர்வு முழுவதும் போய்விட்டது.

இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நூலில், போலந்து நாட்டின் பார்ட்டிஷனைப் பற்றிய ஒரு பத்தியைப் 'போலந்து பிரிந்துபோனது' என்று எழுதி, அது அச்சாகியும் விட்டது. நாட்டைக் கூறு போட்டவர்கள் மூன்று அரசர்கள். நான் எழுதிய வாக்கியத்தில் அவர்கள் இல்லவே இல்லை. அந்த வாக்கியம் இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகவே, இந்தச் சொல் ஆங்கிலத்தில் சரியாக எதைச் சொல்கிறது, செப்பரேஷன், டிவிஷன், செசெஷன் (ஒரு பகுதி தானே விலகிச் செல்வது) ஆகியவற்றிலிருந்து எங்கே வேறுபடுகிறது, தமிழில் அந்த வேறுபாட்டை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1 (வழக்கறிஞர், திருச்சிராப்பள்ளி)

அம்மா, உங்கள் கேள்வியின் பாதி விடை உரிமையியல் நீதிமன்றத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்தச் சொல் இலத்தீனில் 'பங்கு' என்று பொருள்படும் 'பார்ஸ்' என்பதிலிருந்தும், 'பங்கிடுதல்' என்று பொருள்படும் 'பார்த்தீரி' என்ற வினையிலிருந்தும் வந்தது. எனவே அதன் அடியில் இருக்கும் எண்ணம் பிரிவு அன்று, பங்கு. பொதுவாக இருந்த ஒன்றை உரிமையுள்ளவர்கள் தத்தம் பங்காக வகுத்துக்கொள்வதே அதன் பழைய பொருள். ஆங்கிலச் சட்டத்திலும் அப்படித்தான் வழங்கியது. ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மகள்கள் சேர்ந்து சொத்தை அடைந்தால், அவர்களுக்குப் 'பார்செனர்' என்று பெயர். பங்கு பிரித்துத் தரும்படி வற்புறுத்தும் உரிமை முதலில் அவர்களுக்கு மட்டுமே இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539, 1540 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களே அதை மற்றக் கூட்டு உரிமையாளர்களுக்கும் விரித்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 'பார்செனர்' என்ற அந்தச் சொல் பார்ட்டிஷன் என்பதோடு உடன்பிறந்தது. அதுவே ஆங்கிலப் பேச்சில் உருமாறிப் 'பார்ட்னர்' ஆனது. பங்கிட்டுக்கொள்ளப் போகிறவனும் கூட்டாளியும் அங்கே ஒரே வேரில் பிறந்தவர்கள். நம் ஊரில் பங்கு என்ற சொல்லிலிருந்து 'பங்காளி' பிறந்ததை எண்ணிப் பாருங்கள். ஒரே பாட்டன் சொத்தில் உரிமை உள்ளவன் எவனோ அவனே பங்காளி. பிரித்துக்கொள்ளும் உரிமை இருப்பதாலேயே அவன் உறவு. இரண்டு மொழிகளும் தனித்தனியே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்துச் சட்டத்தில் பார்ட்டிஷன் என்பதற்கு இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, கூட்டுக் குடும்பம் என்ற நிலை முறிவது. மற்றொன்று, நிலத்தையும் வீட்டையும் அளந்து எல்லை காட்டி ஒப்படைப்பது. சென்னை மாகாணத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அப்போவியர் எதிர் ராம சுப்பா ஐயன் வழக்கில், 1866இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தது: இன்னாருக்கு இன்ன பங்கு என்று உடன்பட்டுவிட்டால், ஒரு வரப்புகூட புதிதாகப் போடாவிட்டாலும் குடும்பம் சட்டத்தின் கண்ணில் பிரிந்ததாகிவிடுகிறது. இன்றைய வழக்கு நடைமுறையிலும் இதே இரண்டு படிகள்தான். முதனிலைத் தீர்ப்பாணை பங்கின் அளவை மட்டும் அறிவிக்கும். பிறகு வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் சர்வேயருடன் போய் அளந்து, நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் ஒத்து வருமாறு திட்டம் போட்டுக் கொடுத்த பின்பே இறுதித் தீர்ப்பாணை வரும். அண்ணன் தம்பிகள் பத்து ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு, நிலத்தை அளக்கச் சங்கிலி பிடிக்கும் அன்று ஒரே வரப்பில் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பத்திரத்தின் மொழியையும் கொஞ்சம் பாருங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'பொதுவில் ஆண்டு அனுபவித்து வந்த' என்று முதலில் வரும். 'ஏ தபசில் சொத்தை 1 நபரும், பி தபசில் சொத்தை 2 நபரும்' என்று நடுவில் வரும்; தபசில் என்றால் சொத்து விவரப் பட்டியல். 'ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று முடியும். பொதுவாக இருந்தது, வகுத்தது, இனி ஒட்டில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பார்ட்டிஷன். ஆனால் கிணற்றையும் நடைபாதையையும் மட்டும் பெரும்பாலும் பிரிக்க மாட்டார்கள். 'முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டியது' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பொதுவிலேயே விடுவார்கள். அந்த ஒரு வரியால் வரும் வழக்குகள், மீதிப் பத்திரம் முழுவதாலும் வரும் வழக்குகளைவிட அதிகம் என்பது என் அனுபவம்.

இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது வெறும் அகராதிச் சிக்கல் அன்று என்பதற்கும் சான்று காட்டுகிறேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கும் பூர்விகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்குரிமை வந்தது. நாடு முழுமைக்கும், திருமணமான மகள்களையும் சேர்த்து, 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தால் வந்தது. ஆனால் 2004 டிசம்பர் 20ஆம் தேதிக்கு முன்பே நடந்து முடிந்த பார்ட்டிஷனை அந்தத் திருத்தம் தொடாது. அப்படியானால் எதைப் பார்ட்டிஷன் என்பது? அப்பா என்றோ வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார் என்று அண்ணன்மார் சொல்வதையா? சட்டமே அதற்கு விளக்கம் தருகிறது: முறைப்படி பதிவு செய்த பத்திரம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும், வாய்மொழிப் பிரிவினை என்ற வாதத்தை அரசு ஆவணங்கள் போன்ற வலுவான ஆதாரம் இருக்கும் மிக அரிதான நிலையில் மட்டுமே ஏற்க முடியும் என்றது. ஒரு சொல்லின் பொருளை இறுக்கிக் கட்டியதால் எத்தனையோ பெண்களின் பங்கு தப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

உங்கள் கட்டுரையின் துணிக்கடைக்குப் 'பாகம் பிரித்தார்கள்' என்பதே போதும். பத்திரமும் பேச்சும் அப்படித்தான் சொல்கின்றன.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்)

வழக்கறிஞர் 'பங்கு' என்ற முனையைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். நாடுகளுக்கு அதே சொல்லைப் பயன்படுத்தும்போது என்ன ஆகிறது என்பதை நான் சொல்கிறேன்.

போலந்தை 1772இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து ஆளுக்கொரு பகுதியாக எடுத்துக்கொண்டன. 1793இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் மட்டும் மீண்டும் எடுத்துக்கொண்டன. 1795இல் மூன்றும் சேர்ந்து மிச்சத்தையும் எடுத்துக்கொள்ள, அடுத்த 123 ஆண்டுகள் ஐரோப்பிய வரைபடத்தில் போலந்து இல்லை. 1918இல்தான் மீண்டும் எழுந்தது. இங்கே பங்கு வாங்கியவர்கள் பங்காளிகள் அல்லர், அயலார். ஆயினும் ஆங்கிலம் இதைப் பார்ட்டிஷன் என்றது, ஏனென்றால் பங்கு போட்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்துப் பெயரிட்டது. நீங்கள் எழுதிய 'பிரிந்துபோனது' ஏன் உறுத்துகிறது என்பதற்கு விடை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பிரிந்தது தன்வினை, பிரித்தது பிறவினை. ஆங்கிலத்தில் செப்பரேட், டிவைட், ஸ்ப்ளிட் ஆகிய வினைகள் இரண்டு வகையாகவும் வரும். நாடு தானே பிளந்தது என்றும் சொல்லலாம், பிளந்தார்கள் என்றும் சொல்லலாம். பார்ட்டிஷன் என்பதை வினையாக்கினால் அது எப்போதும் செயப்படுபொருள் கேட்கும். நாடு தானாகப் 'பார்ட்டிஷன்' ஆக முடியாது. யாராவது அதைச் செய்ய வேண்டும். ஆங்கிலம் சொல்லுக்குள் பொதிந்து வைத்திருப்பதைத் தமிழ் ஒரு மெய்யெழுத்தில் வைத்திருக்கிறது. அந்தத் 'த்' உங்கள் வாக்கியத்தில் விழுந்திருந்தால், 'பிரித்தவர் யார்?' என்று வாசகரே கேட்டிருப்பார்.

நம் 'பிரிவினை' என்ற சொல்லின் இடர்ப்பாடும் இங்கேதான். அது பார்ட்டிஷனுக்கும் நிற்கிறது, செசெஷனுக்கும் நிற்கிறது. 1963இல் அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்தபோது தமிழர்கள் அதைப் பிரிவினைத் தடைச் சட்டம் என்றார்கள், தி.மு.க. பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது என்றும் எழுதினார்கள். அங்கே பொருள், ஒரு பகுதி தானே விலகிச் செல்வது. அதே சொல்லால் 1947ஐயும் சொல்கிறோம். சாதிப் பிரிவினை, பிரிவினைவாதி என்று பழித்துரைக்கவும் அதே சொல். இத்தனை சுமையைத் தூக்கும் சொல்லுக்கு 'யார் எதை எவருக்குப் பிரித்தார்' என்று சொல்லும் வலு குறைந்துபோகிறது.

ஆங்கில வழக்கில் இவற்றைக் கவனமாக வேறுபடுத்துகிறார்கள். பர்மா 1937 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியாவின் நிர்வாகத்திலிருந்து தனியானதைச் செப்பரேஷன் என்றார்கள். பர்மாவின் எல்லை ஏற்கெனவே இருந்தது, புதிதாகக் கோடு போட வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியாவிலிருந்து வெளியேறியதும் செப்பரேஷன்தான். அங்கே கடலே எல்லையாகக் கிடந்தது. அயர்லாந்தில் ஆறு மாவட்டங்களை வடக்கே நிறுத்திக்கொண்டு மீதி 26ஐ வேறாக்க 1921இல் எல்லை வகுத்தார்கள், அது பார்ட்டிஷன். பாலஸ்தீனத்துக்காக 1947 நவம்பர் 29ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை ஏற்ற 181ஆம் தீர்மானமும் பார்ட்டிஷன் திட்டம் என்றே பெயர் பெற்றது. ஜெர்மனிக்கும் கொரியாவுக்கும் பெரும்பாலும் டிவிஷன் என்கிறார்கள். முழு வாய்பாடாக இதைக் கொள்ளக்கூடாதுதான். இருந்தாலும் பொதுவாக, ஊரின் நடுவே, வயலின் நடுவே புதிய கோடு விழும் இடத்தில் பார்ட்டிஷன் என்ற சொல் வந்து உட்காருகிறது.

இந்தியாவுக்கு அந்தக் கோட்டைப் போட வந்த சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8ஆம் தேதிதான் இந்த மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்தார். பஞ்சாபையும் வங்காளத்தையும் ஐந்து வாரத்தில் வகுத்தார். முடிவு வெளியானது ஆகஸ்ட் 17ஆம் தேதி. அதாவது, இரண்டு நாடுகளும் விடுதலை கொண்டாடியபோது, தங்கள் ஊர் எந்தப் பக்கம் என்பதே எல்லைப் பகுதி மக்களுக்குத் தெரியாது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்தார்கள். இவ்வளவு பெரிய துயரத்துக்கு நடுவிலும், அலுவலகங்களில் நடந்தது அச்சாகப் பாகப்பிரிவினையே. சொத்தும் கடனும் இந்தியாவுக்கு 82.5 விழுக்காடு, பாகிஸ்தானுக்கு 17.5 விழுக்காடு என்று கணக்குப் போட்டார்கள். ரொக்க இருப்பில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி ரூபாய் என்று முடிவாகி, முதலில் 20 கோடி கொடுத்தார்கள். மீதி 55 கோடியைக் காஷ்மீர்ச் சண்டையின்போது நிறுத்திவைத்து, 1948 ஜனவரியில் காந்தி உண்ணாநோன்பு தொடங்கிய பிறகே கொடுத்தார்கள்.

வழக்கறிஞர் சொன்ன கிணறு இந்தக் கதையிலும் இருக்கிறது. கோடு நிலத்தின் மேல் விழுந்தது. பஞ்சாபின் ஆறுகளும் கால்வாய்களும் அதைக் குறுக்காகக் கடந்து ஓடின. 1948 ஏப்ரலில் இந்தியப் பக்கத் தலைமதகுகளிலிருந்து சில கால்வாய்களுக்குத் தண்ணீர் நின்றது. முடிவில் 1960இல்தான் சிந்து நதி நீர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய மூன்றின் நீர் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மூன்றின் நீர் பாகிஸ்தானுக்கும் என்று ஆனது. முறை வைத்து இறைப்பதாக எழுதாமல், ஆறு ஆறாகவே பங்கிட்டார்கள்.

அந்த மக்கள் தங்கள் மொழியில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் உங்கள் கட்டுரைக்காகச் சொல்ல விரும்புகிறேன். இந்தியில் பட்வாரா என்பார்கள். பங்கிடுதல் என்ற பொருள். அண்ணன் தம்பி சொத்துப் பிரிப்பதற்கும் அதே சொல். உருதில் தக்ஸீம், அதுவும் பங்கிடுதல்தான். வங்காளிகளோ இரண்டு பிரிவினைகளைக் கண்டவர்கள். அன்றைய வைஸ்ராய் கர்சன் 1905 அக்டோபர் 16ஆம் தேதி செயல்படுத்தி, 1911இல் கைவிடப்பட்ட முதலாவதை 'வங்கபங்க' என்றார்கள். அந்த 'பங்க', மானபங்கம் என்பதில் நாம் சொல்லும் பங்கமே, உடைத்தல். 1947ஐ 'தேஷ்பாக்' என்கிறார்கள். அந்த 'பாக்', பாகப்பிரிவினையில் இருக்கும் பாகம். உடைத்ததை ஒட்ட முடிந்தது, 1911இல் ஒட்டினார்கள். பாகம் பிரித்ததை ஒட்டவில்லை. இதை அவர்கள் திட்டமிட்டுப் பெயரிட்டிருக்க மாட்டார்கள் என்றாலும், இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பாளரின் இடைக்குறிப்பு

இருவருக்கும் நன்றி. பிரிந்தது, பிரித்தது என்ற வேறுபாடு எனக்கு ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். 'வீட்டைப் பிரித்தார்கள்' என்று எழுதினால், கூரையைப் பிரித்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள் என்பதுபோல வீட்டையே கலைத்துவிட்டார்கள் என்று வாசகர் எண்ணமாட்டாரா? மேலும், மரத் தட்டிக்கும் கம்பளிக்கும் இங்கே எவரும் பதில் சொல்லவில்லை.

மறுமொழி 3 (கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்)

தட்டியைப் பற்றி நான் சொல்லலாம். கட்டட வேலையில் பார்ட்டிஷன் என்றால் பாரம் தாங்காத சுவர். கூரையையும் மேல்தளத்தையும் தாங்கும் சுவரை ஒன்பது அங்குலத்தில் கட்டுவோம். அறையை இரண்டாக்க மட்டும் எழுப்பும் சுவர் நாலரை அங்குலம். கொத்தனார்கள் 'நாலரை சுவர்' என்றே சொல்வார்கள். அலுவலகத்தில் அலுமினியச் சட்டம், பிளைவுட், ஜிப்சம் பலகை கொண்டு போடுவதும் பார்ட்டிஷன்தான். நாலரை சுவரை இடித்தாலும் வீடு விழாது. அதனால் எங்கள் தொழிலில் இது எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய தடுப்பு என்ற எண்ணத்தையும் உடன் கொண்டு வருகிறது. தடுப்பு, இடைத்தடுப்பு, தட்டி, மறைப்பு என்பவையே மக்கள் வாயில் உள்ள சொற்கள். ஓலையிலும் மூங்கிலிலும் கட்டினால் தட்டி; துணியாக இருந்தால் மறைப்பு அல்லது திரை.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற ஒட்டைச் சேர்த்து இந்த வினையைச் சொன்னால், பெரிய இடத்தின் ஒரு மூலையை அடைத்துத் தனியாக்குவது என்று பொருள். இரு தரப்புக்கும் பங்கு கொடுப்பது அன்று. அந்தக் கம்பளி ஒரு மூலையை அடைத்ததா, இரண்டு குடும்பத்துக்கும் சமமாக இடத்தை வகுத்ததா என்று மூலத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி 4 (கணித ஆசிரியை, கும்பகோணம்)

எங்கள் ஊரில் வளர்ந்த ராமானுஜனைச் சொல்லாமல் இந்தச் சொல்லைப் பேச எனக்கு மனம் வரவில்லை. எண் கோட்பாட்டில் பார்ட்டிஷன் என்பது ஒரு முழு எண்ணை மிகை முழுக்களின் கூட்டலாக எழுதும் வழி. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வகையாக எழுதலாம். 3+1, 1+3 இரண்டும் ஒன்றே. எண் 10 ஆனால் 42 வழிகள். 100 ஆனால் 19,05,69,292 வழிகள். இவ்வளவு வேகமாகப் பெருகும் எண்ணிக்கைக்கு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் தோராய வாய்பாடு கண்டார்கள். 4, 9, 14 என்று நான்கிலும் ஒன்பதிலும் முடியும் எண்களின் பார்ட்டிஷன் எண்ணிக்கை எப்போதும் ஐந்தால் வகுபடும் என்றும் ராமானுஜன் கண்டார்: 5, 30, 135. கரும்பலகையில் மாணவர்களைக் கொண்டே 9க்குரிய 30 வழிகளையும் எழுதவைப்பேன். இருபத்தைந்துக்குப் பிறகு வகுப்பே அமைதியாகிவிடும். முப்பதாவது கிடைத்ததும் எழும் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும்.

கணங்களுக்கும், அதாவது பொருள்களின் தொகுதிகளுக்கும், இந்தச் சொல் உண்டு. அங்கே நிபந்தனைகள் கடுமையானவை: துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, எல்லாம் சேர்ந்தால் முழுமை வர வேண்டும், எந்தத் துண்டும் வெறுமையாக இருக்கக்கூடாது. பொதுக் கிணறு இங்கே கிடையாது. நான் இதற்குப் 'பகுப்பு' என்று சொல்லிக்கொடுக்கிறேன். பகு என்ற நம் வேர் பகுதியையும் பாதியையும் தந்திருக்கிறது. கீரைக்குக் கட்டும் பாத்தியும் அதே வேர்தான். ஒரே நிலத்தில், ஒரே வாய்க்கால் தண்ணீரில், வரம்பு கட்டிய சதுரங்கள். கணப் பகுப்பை விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை.

கணினியின் வன்தட்டைச் சி, டி என்று பிரிப்பதற்கும் இதே சொல்தான் வழங்குகிறது. சிலர் அதை 'வட்டுப் பகிர்வு' என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கோப்புப் பகிர்வு என்றால் ஒன்றைப் பலரும் சேர்ந்து பயன்படுத்துவது. வன்தட்டில் நடப்பது நேர் எதிர். அங்கும் பகுப்பே பொருந்தும். வேதியியலார் மட்டும் பங்கீட்டுக் குணகம் என்கிறார்கள். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்களில் கரைபொருள் எவ்வளவு எவ்வளவாகச் சென்று சேர்கிறது என்று சொல்வதால், அங்கே பங்கு என்பதே சரி.

மறுமொழி 5 (புதுச்சேரி)

ஒரு சிறு எச்சரிக்கை. பிரெஞ்சு மூலத்திலிருந்து யாராவது மொழிபெயர்த்தால், அங்கே 'பார்த்திசியோன்' என்பது பெரும்பாலும் இசைக்குறிப்புத் தாள்; ஒவ்வொரு கருவிக்குமுரிய பகுதியைத் தனி வரியாகப் பிரித்து எழுதுவதால் வந்த பெயர். நாட்டுப் பிரிவினைக்கும் அவர்கள் அதே சொல்லைச் சொல்வார்கள் என்றாலும், சொத்துப் பங்குக்குப் 'பர்த்தாஜ்' என்று வேறு சொல். எங்கள் வீட்டுப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களிலும் அதுவே இருக்கிறது.

மறுமொழி 6 (வரலாற்று ஆசிரியர் மீண்டும்)

அம்மா, 'வீட்டைப் பிரித்தார்கள்' என்பதில் நீங்கள் கண்ட ஐயம் சரியானது. 'இரண்டாக' என்றோ 'ஆளுக்குப் பாதியாக' என்றோ ஒரு சொல் முன்னால் வந்தால் அது தீர்ந்துவிடும். கட்டியதை அவிழ்ப்பதும் பங்கு வைப்பதும் தமிழில் ஒரே வினையாக இருப்பது உங்கள் கட்டுரைக்கு இழப்பு அன்று என்றே நினைக்கிறேன். லாகூர் வீட்டில் இருந்தவர்களுக்கு இரண்டுமே நடந்தன.

எல்லா இடத்திலும் ஒரே பெயர்ச்சொல்லைத் தேட வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் செய்த வேலையைத் தமிழில் வினை செய்யட்டும். பொருளுக்கு அதனதன் பெயரை வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் பின்னும் 'பிரித்தது' என்ற வினையை வரவிடுங்கள். தட்டி கூடத்தைப் பிரிக்கும், தந்தையர் கடையைப் பிரிப்பார்கள், ராட்கிளிஃப் பஞ்சாபைப் பிரிப்பார், கம்பளி இடத்தைப் பிரிக்கும். நீங்கள் தேடும் அதிர்வு அங்கே கிடைக்கும்.

மொழிபெயர்ப்பாளர்

மூலத்தை மீண்டும் படித்தேன். பொறியாளர் கேட்டது நல்ல கேள்வி: கம்பளி மூலையை அடைக்கவில்லை, ஏழடிக்கு ஏழடி, ஏழடிக்கு ஏழடி என்று கூடாரத்தைச் சரிபாதியாக வகுத்திருக்கிறார்கள். அப்பால் இருந்த குடும்பம் இன்றைய பாகிஸ்தானில் உள்ள சியால்கோட்டிலிருந்து வந்தது. இரவில் அந்தப் பக்கத்துக் குழந்தை இருமினால் இந்தப் பக்கத்துப் பாட்டி எழுந்து வெந்நீர் வைப்பாளாம். அதற்காகக் கம்பளியின் கீழ்முனையை மட்டும் சுருட்டி வைத்திருந்தார்கள் என்று ஒரு வரி இருந்தது. முன்பு நான் அதைக் கவனிக்காமல் கடந்திருந்தேன்.

11 இடங்களில் ஐந்தில் 'நாட்டுப் பிரிவினை' என்றும், இரண்டில் 'பாகம் பிரித்தது' என்றும், மீதியில் தட்டி, தடுப்பு, மறைப்பு என்றும் வைத்துக்கொண்டு, வினையை எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிட்டேன். கட்டுரையின் முக்கியமான வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது:

"பெரியப்பாவும் அப்பாவும் கடையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள், அடுத்த ஆண்டு யாரோ எங்கள் மாகாணத்தைப் பிரித்தார்கள், முகாமில் எங்களையும் சியால்கோட்டுக்காரர்களையும் ஒரு கம்பளி பிரித்தது, அதைப் பாட்டி பகலில் மடித்து வைத்துவிடுவாள்."

போலந்தைப் பற்றிய பழைய வரிக்கும் திருத்தம் எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறேன். 'மூன்று அரசுகள் போலந்தைத் தமக்குள் கூறு போட்டுக்கொண்டன' என்று அடுத்த பதிப்பில் வரும்.